மஸ்கிக்கு டாப்வாட்டர் லூர் எடுபடவில்லையா? கோளாறு வாரியாகச் சரிபார்க்கும் முறை

மஸ்கி (வட அமெரிக்க ஏரிகளில் வாழும் பெரிய வேட்டை மீன்) மேலே வந்து டாப்வாட்டர் லூரை, அதாவது நீரின் மேற்பரப்பில் ஓடும் செயற்கை இரையை, அடிக்கவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் முதலில் சந்தேகப்படுவது லூரின் நிறத்தை. அடுத்த வாரம் கடைக்குப் போய் வேறு நிறத்தில் இன்னொன்று வாங்கிவிடுவார்கள். உண்மையில் நிறம்தான் கடைசிச் சந்தேகம். வால் ஒழுங்காகச் சுற்றுகிறதா, முள் கூராக இருக்கிறதா, அன்றைய அலைக்கு இந்த லூர் பொருந்துமா என்ற மூன்றையும் பார்த்துவிட்டால் பாதிக் கோளாறு காசில்லாமல் தீரும். கீழே ஒவ்வொரு கோளாறிலும் செலவில்லாத சோதனை முதலிலும் காசு கேட்கும் வேலை கடைசியிலும் வருகிறது.

பெயர்க் குழப்பம் வேண்டாம் என்பதற்காக வகைகளை மட்டும் சொல்லிவிடலாம். பின்பக்கம் சுழன்று "பளக் பளக்" என்று நீரை அடிப்பது வால்சுழலி. டாப்ரெய்டர், வாப்பர் ப்ளாப்பர் 190 எல்லாம் இந்த ரகம். இரு பக்கமும் கீல் வைத்த உலோக இறக்கைகளோடு நீந்துவது போலத் தவழ்வது க்ரீப்பர். மூக்கை இடவலமாக ஆட்டிக்கொண்டு வருவது நடை லூர். முன்பக்கத் தகட்டால் தள்ளாடிக்கொண்டு வருவது ஹாக் வாப்ளர், பெரிய ஜிட்டர்பக் போன்றவை.

ஒரு மீன்கூட மேலே வரவில்லை

*நீரின் வெப்பத்தைப் பாருங்கள்.* படகு சோனாரே மேல்மட்ட வெப்பத்தைக் காட்டும். சுமார் 15 டிகிரி செல்சியஸுக்கு (60 ஃபாரன்ஹீட்) கீழே டாப்வாட்டரைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். 18-லிருந்து 26 வரை இதன் நேரம். 27-ஐ (80 ஃபாரன்ஹீட்) எட்டினால் லூரை அல்ல, மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டும். அந்தச் சூட்டில் போராடிய மஸ்கி நன்றாக நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பிறகு செத்துப்போக வாய்ப்பு அதிகம்.

*அலையைப் பாருங்கள்.* லூர் தேர்வில் ஒரே ஒரு விதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

கண்ணாடி போன்ற நீர் என்றால் க்ரீப்பர், ஹாக் வாப்ளர், அல்லது 5–6 அங்குல நடை லூர். மெதுவாக, இடைவிடாத சத்தம் போதும். சிற்றலை, அதாவது ஒரு சாண் வரை இருந்தால் வால்சுழலிக்கு இதைவிட நல்ல நீர் கிடையாது. ஒரு அடி அலை எழுந்தால் பெரிய வால்சுழலி, 8–9 அங்குலம், கனமான உலோக வால். அலை நுனியில் வெள்ளை நுரை தெரிந்துவிட்டால் டாப்வாட்டரைக் கழற்றி, மேல்மட்டத்துக்குச் சற்றே கீழே ஓடும் பக்டெயிலை (மயிர்க் குஞ்சமும் சுழலும் தகடும் வைத்த லூர்) மாட்டுங்கள். அலைக்குள் லூர் ஒரு நொடி நீரிலும் ஒரு நொடி காற்றிலுமாக இருந்தால் மீனால் குறி வைக்க முடியாது.

*இடம்.* பாசிப் படுகையின் மேல் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை திறந்த நீர் இருக்கும் இடம், பாறைத் திட்டின் தலை, பாசிக்கும் ஆழத்துக்கும் இடையிலான விளிம்பு. விஸ்கான்சினின் சிப்பேவா ஃப்ளோவேஜ் மாதிரி அணைகட்டித் தேக்கிய பழுப்பு நீரில் மூழ்கிய அடிமரங்களும் மிதக்கும் சேற்றுத் திட்டுகளும் இந்த வேலையைச் செய்யும். பத்து மீட்டர் ஆழத்தின் நடுவே டாப்வாட்டர் வீசிக்கொண்டிருப்பது பெரும்பாலும் கைப்பயிற்சிதான்.

*அளவு.* சீசன் தொடங்கும் ஜூனில் 5–7 அங்குலம். ஜூலை பிற்பகுதி, ஆகஸ்டில் 8–10 அங்குலம்.

*நிறம்.* மீன் கீழிருந்து வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்க்கிறது. அதற்குத் தெரிவது வயிற்றின் நிழலுருவம்தான். முதுகில் வரைந்திருக்கும் பொன்னிறக் கோடெல்லாம் வாங்குகிறவருக்காக. ஒன்று மட்டும் வாங்குவதென்றால் கறுப்பு. இரவுக்கும் அதுவே.

பின்னாலேயே வருகிறது, வாய் வைக்க மாட்டேன் என்கிறது

*வேகம்.* மீன் பின்தொடர்வதைப் பார்த்ததும் கை தானாக மெதுவாகும். நேர் எதிராகச் செய்யுங்கள்: ரீலை இரண்டு மூன்று சுற்று வேகப்படுத்துங்கள். துரத்துகிற மஸ்கிக்கு ஓடுகிற இரை வேண்டும். நின்று திரும்பிப் பார்க்கும் இரை சந்தேகத்தைக் கிளப்பும். க்ரீப்பரை வேகப்படுத்தினால் தவழ்வது கெட்டு உழுதுகொண்டு வரும் என்பதால், அதில் மட்டும் வேகத்தைத் தொடாமல் திசையை மாற்றுங்கள். ராடைப் பக்கவாட்டில் ஒரு மீட்டர் நகர்த்தினால் போதும்.

*படகோரத்து எட்டு.* லூர் படகை நெருங்கும்போது ராட் நுனிக்கும் லூருக்கும் இடையே ஒன்றரை அடி நூல் இருக்க வேண்டும். ராட் நுனியை நீர்மட்டத்துக்கு இறக்கி, லூரை நீரில் எட்டு வடிவத்தில் இழுங்கள்; முதல் வளைவை நிறுத்தாமல் எடுங்கள். எட்டு வரைவதில் நடக்கும் பிழை ஒன்றுதான்: வளைவு சின்னதாகிவிடுவது. 45 அங்குல மீன் அந்தச் சின்ன வளைவில் திரும்ப முடியாமல் லூரைத் தொலைத்துவிடும். ஒரு வளைவு குறைந்தது ஒரு மீட்டர் அகலம். வால்சுழலி வளைவில் நீருக்குள் இறங்கினாலும் பரவாயில்லை, சுற்றிக்கொண்டே இருந்தால் சரி. இருட்டில் மீன் பின்னால் வருவதே தெரியாது. ஆகவே இரவில் ஒவ்வொரு வீச்சுக்கும் எட்டு போடுங்கள்.

*லூர் மாற்றம்.* அதே லூரை அதே மீனுக்கு மூன்றாம் முறை காட்டாதீர்கள். பக்டெயிலோ பெரிய ரப்பர் லூரோ ஒரு முறை. அதற்கும் வரவில்லை என்றால் இடத்தைக் குறித்துக்கொண்டு கிளம்பி, சூரியன் மறையும் நேரத்துக்கோ நிலவு எழும் நேரத்துக்கோ திரும்பி வாருங்கள். மின்னசோட்டாவின் மில் லாக்ஸ் போல ஜீப்ரா மட்டி பெருகித் தெளிந்துபோன ஏரிகளில் மீன் லூரை வெகுநேரம் ஆராய்ந்து பார்க்கும். அங்கே நீளமான வீச்சும் கூடுதல் வேகமும் தேவை.

அடிக்கிறது, மாட்டவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். காரணங்களை வரிசை மாற்றாமல் பாருங்கள்.

*1. கண் பார்த்ததும் கை சுண்டுகிறது.* நீர் வெடித்ததைப் பார்த்து ராடை இழுத்தால், மீன் வாயை மூடுவதற்கு முன் லூரைப் பிடுங்கிவிடுகிறீர்கள். விதி எளிது: கையில் கனம் தெரியும் வரை ரீலை அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருங்கள். நம்மூரில் வராலுக்குத் தவளை லூர் வீசிப் பழகியவர்களுக்கு இந்தப் பொறுமை ஏற்கெனவே கையில் இருக்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வராலுக்கு லூரை நிறுத்தி நேரம் கொடுக்கலாம். மஸ்கிக்கு நிறுத்தக் கூடாது. தவறவிட்ட மஸ்கி இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று திரும்ப வரும். லூர் ஓடிக்கொண்டிருந்தால்தான் வரும்.

*2. சுண்டும் திசை.* ராடை வானத்தை நோக்கித் தூக்கினால் லூர் வாயிலிருந்து வெளியே பறக்கும், சில நேரம் உங்கள் முகத்துக்கே. ராடைத் தாழ்வாக வைத்து இடுப்பைத் திருப்பிப் பக்கவாட்டில் இழுங்கள்.

*3. ட்ராக் (நூலைப் பிடித்து நிறுத்தும் ரீலின் பிரேக்) தளர்வு.* 80 பவுண்டு பிரெய்டு (பின்னிய நூல்) போட்டிருக்கிறீர்கள். ரீலுக்கு முன்னால் நூலைக் கையில் சுற்றி ஓங்கி இழுத்துப் பாருங்கள் (கையுறை போட்டுக்கொள்ளுங்கள்). சுலபமாக வழுக்கிக்கொண்டு வந்தால் முள் எலும்பு வாயில் இறங்காது. இரண்டு மூன்று சொடுக்கு இறுக்குங்கள்.

*4. முள் முனை.* கட்டைவிரல் நகத்தில் முள்ளை லேசாக வைத்து இழுங்கள். கீறிக்கொண்டு நின்றால் கூர், வழுக்கினால் மழுங்கல். பாறைத் திட்டில் பத்து வீச்சு வீசினாலே மழுங்கும். அரத்தை முனையை நோக்கி, ஒரே திசையில், ஒவ்வொரு பக்கமும் நான்கைந்து இழுப்பு. புது லூர் என்றாலும் சோதியுங்கள். பெட்டியிலிருந்து வரும் முட்கள் எல்லாம் கூராக வருவதில்லை.

*5. லூரின் ஓட்டம்.* நடை லூர் இடவலமாகத் தாவும். மீன் குறி வைத்த இடத்தில் அடிக்கும்போது லூர் அங்கே இருக்காது. இரண்டு முறை தவறினால் நேர்கோட்டில் ஓடும் வால்சுழலிக்கு மாறுங்கள். இருட்டில் தொடக்கத்திலிருந்தே நேர் ஓட்டம்தான்.

*6. முள்ளின் அளவு.* 8–9 அங்குல லூருக்கு 4/0 அல்லது 5/0, சிறியதற்கு 3/0 ட்ரெபிள் (மும்முனை முள்). ஒரு அளவு ஏற்றினால் மாட்டுவது கூடலாம், ஆனால் லூரின் சமநிலை மாறும். மாற்றியதும் படகோரத்தில் ஓட்டிப் பார்க்காமல் வீசாதீர்கள்.

வால் சுற்றவில்லை, அல்லது சத்தம் செத்துவிட்டது

முதல் சோதனைக்கு ஏரி வேண்டாம். லூரின் மூக்கைப் பிடித்து வாலில் ஊதுங்கள். உலோக வால் ஒரு ஊதலில் சுற்ற வேண்டும்.

*சுற்றவே இல்லை என்றால்:* வாலுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள மணியைப் பாருங்கள். பாசி நாரோ அறுந்த பிரெய்டு இழையோ அங்கே சுருண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகவும் இருக்கலாம். ஊசி முனையால் கிளறி எடுங்கள். நார் இல்லையென்றால் பின் வளையத்தைப் பாருங்கள். மீன் கடித்து அது உள்ளே நெருங்கியிருந்தால் வால் அழுந்திக்கொள்ளும். வாலுக்கும் மணிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும்படி குறடால் கம்பியை வெளியே இழுங்கள்.

*சுற்றுகிறது, ஆனால் திக்கித் திக்கி:* அச்சுக்கம்பி வளைந்திருக்கிறது. வாலை விரலால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றி, வாலின் நுனியையே பாருங்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் வளைவு உறுதி. இரண்டு குறடுகள்: ஒன்று உடலருகே கம்பியை அசையாமல் பிடிக்க, இன்னொன்று நிமிர்த்த. ஒரே மடக்கில் நிமிர்த்தப் போனால் கம்பி களைத்து முறியும்.

*சுற்றுகிறது, சத்தம் இல்லை:* வாலின் இறக்கை தட்டையாகிவிட்டது. இரு இறக்கையும் ஒரே கோணத்தில் இருக்கும்படி நுனியைச் சிறிது மடக்குங்கள். கோணம் கூடினால் மெதுவான இழுப்பிலேயே சுற்றும், ஆழ்ந்த சத்தம் வரும். குறைந்தால் வேகமான இழுப்பு தேவை, சத்தம் மெலியும். மென்பிளாஸ்டிக் வால் என்றால் வெயிலில் கிடந்த பெட்டிக்குள் நசுங்கி உருமாறியிருக்கும். கொதித்து இறக்கிய நீரில் வாலை மட்டும் அரை நிமிடம் வைத்து, கையால் வடிவம் கொடுத்து, குளிர்ந்த நீரில் முக்குங்கள். வெள்ளைக் கீறல் விழுந்திருந்தால் இந்த வைத்தியம் நிற்காது, புது வால்தான்.

எண்ணெய் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். உலோகம் உலோகத்தில் உரசும் அந்தக் கீச்சொலி பழகப் பழகத்தான் வரும். பல மஸ்கிக்காரர்கள் அதற்காகவே பழைய லூரைக் கைவிடுவதில்லை.

லூர் ஒருக்களித்துப் படுக்கிறது, அல்லது முழுதாகப் புரள்கிறது

வால் சுற்றும் உரசலில் உடலும் ஒரு பக்கம் சாயப் பார்க்கும். சிறு சாய்வு இயல்பு. புரண்டால்தான் கோளாறு.

முதலில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். புரள்வது நின்றுவிட்டால் லூரில் பிழையில்லை, அது அந்த வேகத்துக்கானது இல்லை. அடுத்து மூக்கு வளையம்: எதிரே பிடித்துப் பார்த்தால் உடலின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும், விலகியிருந்தால் குறடால் கால் மில்லிமீட்டர் கணக்கில் திருப்புங்கள். மூன்றாவது வயிற்று முள்: ஒரு அளவு பெரிய முள், அல்லது அதன் தண்டில் மூன்று நான்கு சுற்று ஈயக்கம்பி. இந்தச் சிறு கனம் படகின் அடிக்கட்டை போல உடலை நிமிர்த்தி வைக்கும். பின்முள்ளில் ஈயம் சுற்றாதீர்கள். வால் அமுங்கிச் சத்தம் போய்விடும்.

இவ்வளவும் செய்தும் புரண்டால் உடலுக்குள் நீர் புகுந்திருக்கலாம். காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலங்கைக் குண்டு இருக்கும் லூர் என்றால் சத்தத்தை நம்ப முடியாது. சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்து, பெட்டியில் அச்சிட்ட எடையோடு ஒப்பிடுங்கள். ஓட்டை எங்கே என்று தெரிய, வெதுவெதுப்பான நீரில் முக்குங்கள். உள்காற்று விரிந்து வெடிப்பு வழியே குமிழியாக வரும். அந்த இடத்தைப் பேனாவால் குறித்து, நன்றாக உலர்த்தி (மர உடலுக்குப் பல நாள் பிடிக்கும்), ஐந்து நிமிட எபாக்சியால் அடையுங்கள். ஈரம் இருக்கும்போது அடைத்தால் மரம் உள்ளேயே ஊறிப் பெயிண்ட் உரியும்.

நடை லூர் நடக்க மாட்டேன் என்கிறது

பத்தில் எட்டுக்குக் காரணம் இறுகிய நூல். ராட் நுனியைக் கீழே வைத்துச் சின்னதாகத் தட்டி, உடனே நுனியை லூரை நோக்கித் திரும்ப விடுங்கள். அந்தத் தொய்வில்தான் மூக்கு திரும்பும். ரீல் தொய்வை மட்டும் எடுக்க வேண்டும், லூரை இழுக்கக் கூடாது.

கை சரி என்றால் லீடரை (நூலுக்கும் லூருக்கும் நடுவே பல்லுக்குத் தாங்கும் துண்டு) பாருங்கள். கனமான கம்பி லீடரும் பெரிய ஸ்விவலும் மூக்கை அமுக்கிவிடும். 100 பவுண்டு அளவில், ஒரு அடி நீள ஃப்ளூரோகார்பன் லீடரும் உருண்டை முனை ஸ்னாப்பும் (லூரை மாட்டும் கொக்கி) போதும். ஒடுங்கிய ஸ்னாப்பில் வளையம் சிக்கி லூர் ஒரே பக்கம் ஓடும். லீடரே இல்லாமல் வீசுவதைப் பற்றி யோசிக்க வேண்டாம். பல்லில் பட்ட பிரெய்டு அறுந்தால் லூரோடு போகும் மீன் வாய் திறக்க முடியாமல் சாகலாம்.

க்ரீப்பர் ஒரு பக்கமாக இழுக்கிறது, அல்லது தவழாமல் உழுகிறது

கீலில் பாசி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு இரு இறக்கையையும் முழுதாக விரித்து மேலிருந்து நோக்குங்கள். இரண்டும் ஒரே அளவு விரிய வேண்டும். வலப்பக்கம் இழுத்தால் வல இறக்கை அதிகம் நீர் பிடிக்கிறது: அதை மயிரிழை பின்னால் வளைக்கவும். இரண்டையும் சேர்த்து முன்னால் வளைத்தால் இன்னும் மெதுவான இழுப்பில் தவழும். பின்னால் வளைத்தால் வேகம் தாங்கும். உழுதுகொண்டு வருவதற்கு அனேகமாக வேகம்தான் காரணம். இறக்கைகள் மாறி மாறி நீரைத் தட்டும் ஒலி கேட்க வேண்டும். ஒலி ஒன்றாகக் கலந்தால் மெதுவாக்குங்கள்.

கீல் திருகாணி மரத்தில் லொடலொடத்தால், பல்குத்தும் குச்சியை எபாக்சியில் தோய்த்து ஓட்டைக்குள் வைத்து ஒடித்து, திருகாணியைத் திரும்பச் செலுத்தி ஒரு நாள் விடுங்கள்.

வீச்சுக்கு வீச்சு பாசி

மிதக்கும் பாசிக்கு மருந்து கிடையாது. மூன்று வீச்சில் மூன்றும் அழுக்காக வந்தால் காற்று அடித்து வரும் கரையை விட்டு எதிர்க்கரைக்குப் போங்கள். போக முடியாத இடம் என்றால் ஒற்றை முள் வைத்த பெரிய பஸ்பெய்ட் (சுழலும் தகட்டால் நீர்மேல் சலசலத்து வரும் லூர்). வால்சுழலி இங்கே முதலில் தோற்கும்.

மாட்டியது, பாதியில் கழன்றது

மீன் குதித்த நேரத்தில் நூல் தொய்ந்ததா என்பதைத் தவிர, லூரிலேயே மூன்று இடம் பார்க்க வேண்டும்: பிளவு வளையம் வாய் பிளந்திருக்கிறதா, முள்ளின் வளைவு விரிந்திருக்கிறதா, திருகு வளையம் மரத்திலிருந்து மேலே வந்திருக்கிறதா. விரிந்த முள்ளை வளைத்துச் சரிசெய்து மறுபடி போடாதீர்கள். அடுத்த முறை அங்கேதான் முறியும். திருகு வளையம் வெளியே வந்திருந்தால் எபாக்சியோடு இன்னும் நீளமான திருகு. ஒரே லூரில் இரண்டாவது முறை வந்துவிட்டால், மூக்கிலிருந்து வால் வரை ஒரே கம்பி ஓடும் உடலாக அடுத்ததை வாங்குங்கள். விலை கூடத்தான்.

எப்போது அடுத்தவரைக் கூப்பிடுவது

லூரின் அச்சுக்கம்பி உடலுக்குள்ளேயே முறிந்திருந்தால், உடல் நீளவாக்கில் பிளந்திருந்தால், தயாரிப்பாளரிடமோ லூர் பழுது பார்ப்பவரிடமோ கொடுங்கள். வீட்டில் அறுத்து ஒட்டிய உடல் சமநிலைக்குத் திரும்புவது அரிது. ரீல் ஒவ்வொரு சுற்றிலும் நறநறத்தாலோ, இறுக்கிய ட்ராக் வெட்டி வெட்டி விட்டாலோ அது சர்வீஸ் கடை வேலை.

வாரக்கணக்கில் மீன் பின்தொடர்வதையே பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள், மேலே உள்ள எதுவும் பலிக்கவில்லை என்றால் உள்ளூர் கைடு ஒருவரை ஒரு நாள் அமர்த்துங்கள். பல நூறு டாலர் ஆகும்தான். ஆனால் ஏழெட்டு மஸ்கி லூரின் விலையும் அதே பக்கம்தான் வரும். டொராண்டோவிலிருந்து கவார்த்தா ஏரிகளுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே ஏரிக்கு ஏரி பாசியும் தெளிவும் வேறு.

படகில் இருக்கும் யாருக்காவது முள் அதன் எதிர்க்கொக்கி தாண்டிச் சதைக்குள் இறங்கிவிட்டால், முதலில் மீனையும் லூரையும் அவரிடமிருந்து பிரியுங்கள்: கனமான முள்வெட்டியால் முள் தண்டைத் துண்டித்துவிடலாம். கண்ணருகே, மூட்டில், விரல் நரம்பில் என்றால் பிடுங்க முயலாமல் அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள்.

மீனுக்கும் அதே வெட்டிதான். மின்னசோட்டாவில் 2015 முதல் உள்நாட்டு நீர்நிலைகளில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ள முடியாது. நடைமுறையில் பிடிபடும் கிட்டத்தட்ட எல்லா மீனும் திரும்ப நீருக்குத்தான் போகும். செவுளருகே மாட்டிய முள்ளைத் திருகிக்கொண்டிருக்காமல், மீன் வலைக்குள் நீரிலேயே இருக்கும்போது முள் நுனிகளை ஒவ்வொன்றாக வெட்டிவிடுங்கள். ஒரு ட்ரெபிள் முள் சில டாலர். பிளவு வளையத்தில் புதிதை மாட்ட ஒரு நிமிடம்.